பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் அதன் சுற்றும்: அளந்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தி முடிக்கப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோதும் மக்கள் நம்பியிருந்தது வீட்டு மூலையில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரியைத்தான். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் கட்டிநிற்கும் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ்., ரேடியோ, விளக்கு எல்லாமே பேட்டரியில் ஓடுகின்றன. இவ்வளவு பரவலாகப் புழங்கும் ஒரு பொருள் பழுதானால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை ‘பேட்டரி போய்விட்டது’ என்பதாகும். பாதி நேரம் போனது பேட்டரி அல்ல. அதன் முனையில் பூத்த உப்போ, மெலிந்த ஒயரோ, சரியாக இறுக்காத ஒரு போல்ட்டோதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. எதை மாற்ற வேண்டும் என்று பணம் செலவழிக்கும் முன் அளந்து முடிவு செய்யத் தேவையான அடிப்படைக் கோட்பாட்டையும், அதை அப்படியே பயன்படுத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தேவைப்படும் கருவிகள் சில. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். விலை உயர்ந்தது வேண்டாம். திரவ அமிலம் உள்ள பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், சோதனைச் சுமையாக ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி ஆகியவையும் இருக்கட்டும்.

மூன்று அளவுகள், ஒரு விதி

மின்னோட்டம் என்பது ஒரு நொடியில் கம்பியின் ஒரு குறுக்குவெட்டைக் கடந்து செல்லும் மின்னேற்றத்தின் அளவு. அதன் அலகு ஆம்பியர். ஒரு ஆம்பியர் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள், அதாவது 6.24-ஐப் பத்தின் பதினெட்டாம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கை, அந்த இடத்தைக் கடக்கின்றன. ஆனாலும் அவை விரைந்து ஓடுவதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் செல்லும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கணத்தில் நகரத் தொடங்குவதுதான்.

அவற்றை நகர்த்தும் காரணி மின்னழுத்தம், அலகு வோல்ட். அந்த நகர்வுக்குக் கம்பியும் கருவியும் தரும் எதிர்ப்பு மின்தடை, அலகு ஓம். மின்னழுத்தம் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘இந்த முனையில் 12 வோல்ட்’ என்று தனியாகச் சொல்வதற்குப் பொருள் இல்லை. எந்த முனையை ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். பழுது தேடுவதில் பின்னர் நாம் கையாளப்போகும் முறை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

ஜெர்மானிய அறிஞர் கியார்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இம்மூன்றையும் இணைக்கிறது: மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. திறன், அதாவது வாட், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைக்கும். 12 வோல்ட்டில் எரியும் 24 வாட் பல்பு 2 ஆம்பியர் இழுக்கிறது. எரியும்போது அதன் மின்தடை 6 ஓம். அதே பல்பை அணைத்து, கழற்றி, மல்டிமீட்டரில் அளந்தால் 6 ஓம் காட்டாது. பத்தில் ஒரு பங்கு அளவே காட்டும். டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பெருகுவதே இதற்குக் காரணம். பல்பு கெட்டுவிட்டது என்று இந்த அளவைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. எல்.இ.டி. விளக்கு இந்த விதிக்கே நேராகக் கட்டுப்படாத பொருள். ஆகவே அதை ஓம் அளவில் வைத்துச் சோதிப்பது வீண்வேலை.

எல்.இ.டி. பற்றி ஒரு கணக்கு இங்கேயே பார்த்துவிடலாம். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் தேவை என்று கொள்வோம். மூன்றைத் தொடராக இணைத்தால் 9.6 வோல்ட். பேட்டரி 12.6 வோல்ட் என்றால் மீதி 3 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடை வேண்டும்: 3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 150 ஓம். இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். படகின் இன்ஜின் ஓடி, அதனால் சுழலும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது அதே ஒயரில் 14.4 வோல்ட் இருக்கும், மீதி 4.8 வோல்ட், ஓட்டம் 32 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. சில மாதங்களில் கருகிவிடும். 14.4 வோல்ட்டுக்குக் கணக்கிட்டு 240 ஓம் போட வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் விளக்கு நிலைக்கும். பன்னிரண்டு வோல்ட் சுற்று என்று பெயர் இருந்தாலும், அது 11 முதல் 14.5 வரை அலையும் சுற்று என்றே எண்ணி வேலை செய்ய வேண்டும்.

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் தொடர் இணைப்பு. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் செல்லும், மின்னழுத்தம் பங்கிடப்படும். இரு முனைகளையும் பொதுவாக்கி இணைத்தால் பக்க இணைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம், மின்னோட்டம் பிரிந்து செல்லும். படகிலும் வீட்டிலும் விளக்குகள் பக்க இணைப்பில்தான் உள்ளன. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர், பியூஸ், சுவிட்ச், முனை ஆகியவை யாவும் அவற்றோடு தொடரில் இருக்கின்றன. பழுது பெரும்பாலும் இந்தத் தொடர்ப் பகுதியில்தான் ஒளிந்திருக்கும்.

கிர்க்காஃப் 1845-இல் தந்த இரு விதிகள் இதையே கணக்காக்குகின்றன. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். ஒரு சுற்றை முழுவதும் சுற்றி வந்தால் ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சமமாக வேண்டும். பேட்டரியில் 12.6 இருந்து கருவியில் 11 மட்டும் வந்தால், காணாமற்போன 1.6 வோல்ட் எங்கோ ஓரிடத்தில் இறங்கியிருக்கிறது. அது மாயமாக மறைய வழியில்லை. மீட்டரை வைத்துத் தேடினால் கிடைத்தே தீரும்.

ஒயரின் தடிமன்: குறை மின்னழுத்தத்தின் பெருந்தொல்லை

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள தாமிர ஒயரின் மின்தடை, சாதாரண வெப்பநிலையில் 0.0172 ஓம். நீளம் கூடினால் அதே விகிதத்தில் கூடும். தடிமன் கூடினால் குறையும். அலுமினியத்துக்கு இது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

விசைப்படகில் பேட்டரி இன்ஜின் அறையிலும் கருவிகள் எட்டு மீட்டர் தள்ளிப் படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸிலும் இருப்பதாகக் கொள்வோம். போக எட்டு, வர எட்டு என்று ஒயர் நீளம் 16 மீட்டர். திரும்பி வரும் ஒயரைக் கணக்கில் விட்டுவிடுவதே பலரும் செய்வது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ‘ஒன்றரை ஸ்கொயர்’ (1.5 சதுர மில்லிமீட்டர்) ஒயரை இழுத்திருந்தால், தடை 16 × 0.0172 ÷ 1.5, அதாவது 0.18 ஓம். இரண்டு விளக்குகளுக்கு 2 ஆம்பியர், ஜி.பி.எஸ்.ஸுக்கு 1, ரேடியோ கேட்கும் நிலையில் அரை என 3.5 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 0.64 வோல்ட் இறங்கிவிடும். இது வரை யாருக்கும் தெரியாது. ரேடியோவில் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால்தான் சங்கதி வெளிப்படும். 25 வாட் வி.எச்.எஃப். ரேடியோ பேசும்போது 6 ஆம்பியர் வரை இழுக்கும். மொத்தம் 9 ஆம்பியர், இறக்கம் 1.65 வோல்ட். 12.6 வோல்ட் பேட்டரி வீல்ஹவுஸில் 10.95 வோல்ட்டாகத் தெரியும். இவ்வகை ரேடியோக்கள் பொதுவாக 11.7 வோல்ட்டுக்குக் கீழே சரியாக வேலை செய்யும் உறுதியுடன் வருவதில்லை. ‘கேட்கும்போது நன்றாக இருக்கிறது, பேசினால் அணைந்து விடுகிறது, பேட்டரியை மாற்றியும் பயனில்லை’ என்ற குறையின் முழு விளக்கமும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் ஒயர் இழுத்தால் இறக்கம் 0.41 வோல்ட்தான்.

இதே ஒன்றரை ஸ்கொயர் ஒயர் வீட்டின் 230 வோல்ட்டில் 9 ஆம்பியரைக் கொண்டு சென்றாலும் இறங்குவது அதே 1.65 வோல்ட்தான், ஆனால் 230-இல் அது ஒரு சதவீதம்கூட இல்லை. வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் படகிலோ சோலார் அமைப்பிலோ தடுமாறுவது இதனால்தான். குறை மின்னழுத்தச் சுற்றில் ஒயர் எரிந்துவிடுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை வோல்ட்டை விழுங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். ரேடியோ, ஜி.பி.எஸ். போன்ற முக்கியக் கருவிகளுக்கு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இறக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன உதாரணத்தில் விளக்குகளுக்குத் தனி ஒயர் இழுத்துவிட்டால் ரேடியோவின் 6 ஸ்கொயர் ஒயரும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். உப்புக்காற்று படும் இடங்களில் வெறும் தாமிர இழைகள் உறைக்குள்ளேயே களிம்பேறிக் கறுத்துவிடும். ஈயம் பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும், வெள்ளீயப் பூச்சுள்ள இழைகள் கொண்ட ஒயர் விலை கூடியதானாலும் கடலுக்கு அதுவே ஏற்றது.

பேட்டரிக்குள் நடப்பது

அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800-இல் துத்தநாகத் தகடுகளையும் வெள்ளி அல்லது தாமிரத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளை இடையிட்டு அடுக்கித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாந்தே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு அருகில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

இதன் ஒவ்வோர் அறையிலும் எதிர்த்தகடு நுண்துளை ஈயம். நேர்த்தகடு ஈய டை ஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. சார்ஜ் செய்யும்போது இது அப்படியே திரும்புகிறது. ஒரு ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம், எடுப்பதற்கு ஒவ்வோர் அறையிலும் ஏறத்தாழ 3.9 கிராம் ஈயம் மாற்றமடைய வேண்டும். இந்த பேட்டரி ஏன் இத்தனை கனம் என்பதற்கு இதுவே விடை. அமிலம் செலவாவதால் திரவத்தின் அடர்த்தி குறைகிறது. ஆகவே அடர்த்தியை அளந்தால் மிச்சமுள்ள சார்ஜ் தெரிந்துவிடும். இவ்வளவு நேர்மையாகத் தன் நிலையைச் சொல்லும் பேட்டரி வேறு எதுவும் இல்லை.

பயனுள்ள ஒரு குறுக்குவழி உண்டு: ஓய்வில் இருக்கும் அறையின் வோல்ட் என்பது அமிலத்தின் ஒப்படர்த்தியோடு (நீரை 1 என்று கொண்ட அடர்த்தி) 0.84-ஐக் கூட்டினால் வருவது. வாகன பேட்டரி முழுச் சார்ஜில் 1.28, ஓர் அறைக்கு 2.12 வோல்ட், ஆறு அறைக்கு 12.7. நேர்த்தகடு குழாய் வடிவில் அமைந்த வீட்டு டியூபுலர் பேட்டரிகளில் வெப்ப நாட்டு ஆயுளைக் கருதி அமிலத்தை 1.24 அளவில் நிரப்புவது வழக்கம். அது முழுச் சார்ஜிலும் 12.5 வோல்ட்தான் காட்டும். வாகன பேட்டரியின் அட்டவணையை வைத்துக்கொண்டு டியூபுலர் பேட்டரியைக் ‘குறைச் சார்ஜ்’ என்று தீர்ப்பிடுவது அதற்குச் செய்யும் அநியாயம். தயாரிப்பாளர் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் அளவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

எந்த பேட்டரியும் தனக்குள் ஒரு சிறு மின்தடையைத் தொடரில் கொண்டிருக்கிறது. இதை அகத்தடை என்பர். நல்ல வாகன பேட்டரியில் இது ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு வோல்ட்டுக்குள்தான் இறங்குகிறது. எட்டு டார்ச் செல்களை வரிசையாக அடுக்கினாலும் 12 வோல்ட் வரும். ஆனால் அவற்றின் அகத்தடை பெரிது என்பதால் ஸ்டார்ட்டர் அசையக்கூடச் செய்யாது. வயதாகி, தகடுகளில் சல்பேட் இறுகிய பேட்டரியின் நிலையும் இதுதான்: ஓய்வில் 12.6 காட்டும், சுமை ஏற்றியவுடன் 9-க்குச் சரியும்.

சோதனை: இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் ஓய்வு மின்னழுத்தம். சார்ஜரையும் எல்லாச் சுமைகளையும் துண்டித்துச் சில மணி நேரம் விட வேண்டும். இரவு முழுவதும் விட்டால் இன்னும் நன்று. சார்ஜ் செய்த உடனே அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் பொய்யான உயர்வு 13 வோல்ட் என்றெல்லாம் காட்டி ஏமாற்றும். மீட்டரை டி.சி. (நேர்மின்னோட்ட) வோல்ட்டில், 20 என்ற அளவில் வைத்து, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் வைக்கவும். வாகன வகை பேட்டரியில் 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 11.9 என்றால் வெறுமை. 10.5 அளவில் நின்று, சார்ஜ் செய்தும் ஏறவில்லை என்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது, சுமை ஏற்றி அளப்பது. 55 வாட் ஹெட்லைட் பல்பை நேராக பேட்டரி முனைகளில் இணைத்து ஒரு நிமிடம் விட்டு மீண்டும் அளக்கவும். பல்பு சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரி 0.1 அல்லது 0.2 வோல்ட் இறங்கி அங்கேயே நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கி மேலும் இறங்கிக்கொண்டே போனால் ஒன்று சார்ஜ் இல்லை, அல்லது அகத்தடை ஏறிவிட்டது. முழுச் சார்ஜ் செய்து மறுபடி செய்தால் எதுவென்று தெரிந்துவிடும். வாகனத்திலோ படகிலோ ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் பெரும்பாலோர் செய்யாதது. என் அனுபவத்தில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவதும் இதுவே. சுமை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீட்டரை 2 வோல்ட் அல்லது 200 மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றவும். சிவப்பு முனையை பேட்டரியின் ஈயக் குமிழின் நடுவில், கிளாம்ப்பைத் தொடாமல், அழுத்தி வைக்கவும். கறுப்பு முனையை அதே குமிழைப் பற்றியிருக்கும் கிளாம்ப்பின் மேல் வைக்கவும். இரண்டும் ஒரு சென்டிமீட்டர்கூட விலகியிருக்காது. கண்ணுக்கு ஒரே உலோகம். மீட்டர் சில மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் இணைப்பு நன்று. ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் காட்டினால் குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சாம்பல் நிறப் படலம் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து கிளாம்ப்புக்கும் ஒயர் நுனியின் உலோக முனையான லக்குக்கும், லக்குக்கும் பியூஸுக்கும், பியூஸின் இரு பக்கத்துக்கும், சுவிட்சின் இரு பக்கத்துக்கும் என்று கருவி வரை நடந்துகொண்டே போக வேண்டும். எதிர்முனைப் பக்கத்தையும் அதேபோல் நடக்க வேண்டும். எல்லா இறக்கங்களையும் கூட்டினால் காணாமற்போன வோல்ட் முழுவதும் கணக்கில் வந்துவிடும்.

சுமையை அணைத்துவிட்டு இதைச் செய்வதில் பயனில்லை. ஓட்டம் இல்லையென்றால் எந்தத் தடையிலும் இறக்கம் இல்லை. அழுகிய இணைப்பும் முழு 12.6 வோல்ட்டைக் காட்டும். கிளாம்ப்பை ஓம் அளவில் சோதிப்பதும் அதேபோல் வீண். நூற்றில் ஒரு ஓமை அந்த மீட்டரால் பார்க்க முடியாது. ஆனால் அந்த நூற்றில் ஒரு ஓம் செய்யும் வேலையைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் 800 வாட் கொடுக்கும்போது, அதன் சொந்த இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து சுமார் 83 ஆம்பியர் இழுக்கும். ஒரு முனையில் 0.01 ஓம் இருந்தால் அங்கே 0.83 வோல்ட் இறங்கி, 69 வாட் வெப்பமாகிறது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துக்கொண்டால், முனை ஏன் உருகி, கிளாம்ப்பின் மேல் உறை ஏன் நிறம் மாறுகிறது என்று விளங்கும்.

இணைப்பைச் சுத்தம் செய்ய, முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும், பிறகு நேர்முனை; பூட்டும்போது நேர்முனை முதலில். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்ததன் மேல் வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் நுரைத்துக் கரையும். அறை மூடிகள் நன்கு மூடியிருக்கட்டும், சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பிறகு வாசலினைப் பூசவும். பூசிவிட்டுப் பூட்டுவதைவிட, பூட்டிவிட்டுப் பூசுவது மேல். கடலூரின் தேவனாம்பட்டினம் போலக் கடல் காற்று நேராக அடிக்கும் பகுதிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது, ஹைட்ரோமீட்டர். நீர் ஊற்றிய உடனே அளக்கக் கூடாது. சார்ஜ் செய்து கலந்த பிறகே அளக்க வேண்டும். ஆறு அறைகளின் அளவையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். தனி அளவைவிட ஒப்பீடுதான் முக்கியம்: ஐந்து அறைகள் 1.24 அருகிலும் ஒன்று மட்டும் 1.19-லும் இருந்தால் அந்த அறை தேறாது. 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும் என்பது விதி. மே மாதத்து 37 டிகிரியில்கூட அது 0.007 மட்டுமே.

மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் ஒருபோதும் வைக்காதீர்கள். ஆம்பியர் அளவில் மீட்டருக்குள் தடையே இல்லை எனலாம். அது பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் குறுக்கே இணைப்பதற்குச் சமம்.

கொள்ளளவுக் கணக்கு

150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல எடுக்கும்போது, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுக்கும்போது கிடைக்கும் அளவு அது. இதைத்தான் சி20 என்று குறிப்பிடுவார்கள். வேகமாக எடுத்தால் அமிலம் தகட்டின் உட்பகுதிக்குச் சென்று சேர நேரம் இல்லாமல் குறைவாகவே கிடைக்கும். இரண்டு சாதாரண மின்விசிறிகள் 150 வாட், நான்கு எல்.இ.டி. விளக்குகள் 40, வைஃபை பெட்டி 10 என்று 200 வாட் சுமை எனக் கொள்வோம். இன்வெர்ட்டரின் திறன் 80 சதவீதம் என்றால் பேட்டரி தர வேண்டியது 250 வாட். சுமார் 21 ஆம்பியர். 150-ஐ 21-ஆல் வகுத்து ஏழு மணி நேரம் என்பார் கடைக்காரர். இந்த வேகத்தில் உண்மையில் கிடைப்பது 115 முதல் 120 ஆம்பியர்-மணி. அதையும் முழுதாக உறிஞ்சாமல் ஐந்தில் நான்கு பங்கில் நிறுத்தினால்தான் பேட்டரி நாள்பட உழைக்கும். ஆக நாலரை மணி நேரம்.

இதே வீட்டில் இரண்டு விசிறிகளையும் 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறிகளாக மாற்றினால் மொத்தச் சுமை 110 வாட்டாகி, ஓட்டம் 11.5 ஆம்பியராகிறது. ஓட்டம் பாதியாவதோடு மெல்ல எடுப்பதால் கொள்ளளவும் கூடுகிறது. அதே அளவோடு நிறுத்தினாலும் ஒன்பது மணி நேரம் வரும். இரண்டாவது பேட்டரி வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் விசிறியை மாற்றிப் பாருங்கள் என்றே சொல்வேன்.

சார்ஜ், நீர், தடைக்காலம்

பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், 150-க்கு 15 ஆம்பியர் வீதம் சார்ஜ் செய்வது பொதுவான முறை. 14.4 வோல்ட் அளவை எட்டியதும் ஓட்டத்தைக் குறைத்து, நிறைந்த பின் 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். 14.4-க்கு மேல் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் ஆறு அறைகளிலும் சேர்த்து இரண்டு கிராம் நீரைப் போக்கும். மாதம் ஒருமுறை லிட்டர் கணக்கில் நீர் ஊற்ற நேர்ந்தால் பேட்டரியைக் குறை சொல்லாமல் சார்ஜரின் வோல்ட்டை அளந்து பார்க்க வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கடலோர நிலத்தடி நீரில் உள்ள குளோரைடு தகடுகளை அரித்துவிடும். அமிலத்தை ஒருபோதும் கூடுதலாக ஊற்ற வேண்டாம். குறைந்தது நீர், அமிலம் அல்ல. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால் பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். எனவே மேற்கு வெயில் படும் மொட்டைமாடி அறையும் ஏற்ற இடம் அல்ல. வெள்ளம் ஏறிய அடையாளம் உள்ள தெரு என்றால், அந்தக் கோட்டுக்கு மேலே தாங்கி அமைத்து வைக்க வேண்டும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பேட்டரிக்குச் சோதனைக்காலம். ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மாதத்துக்குச் சில சதவீதம் தானாக இறங்கும். கோடை வெப்பத்தில் அது கூடும். அதைவிடப் பெரியது ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சுமைகள். ஜி.பி.எஸ்.ஸின் நினைவகமும் ரேடியோவின் காத்திருப்பு நிலையும் சேர்ந்து வெறும் 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 0.03 × 24 × 61 என்று 44 ஆம்பியர்-மணி போய்விடும். அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. தடைக்காலம் தொடங்கும் நாளில் முழுச் சார்ஜ் செய்து எதிர்முனையைக் கழற்றி வைப்பதும், இடையில் ஒருமுறை ஏற்றுவதும் போதும்.

பல பேட்டரிகளைச் சேர்த்தல்

இரண்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளைத் தொடரில் இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பக்க இணைப்பில் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. சேமிக்கும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. 24 வோல்ட்டில் ஓட்டம் பாதியாவதால் ஒயர் இழப்பு நான்கில் ஒன்றாகும். எனவே இன்வெர்ட்டர் இடங்கொடுத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். பழையதையும் புதியதையும் சேர்க்கக் கூடாது. 12.7 வோல்ட் பேட்டரியோடு 12.0 வோல்ட்டில் இருப்பதைப் பக்கமாக இணைத்த கணத்தில், இரண்டின் அகத்தடையும் ஒயரும் சேர்ந்து 0.02 ஓம் என்றால், 35 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும்.

பியூஸும் சுவிட்சும்

பன்னிரண்டு வோல்ட் மனிதரை உலுக்காது என்பதால் அலட்சியம் வருகிறது. 0.005 ஓம் அகத்தடை உள்ள பேட்டரியின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் 2,500 ஆம்பியர் வரை பாயக்கூடும்; ஸ்பேனர் பழுக்கும், கையில் மோதிரம் இருந்தால் விரல் போகும். பியூஸை நேர்முனையிலிருந்து ஓர் அடிக்குள் வைக்க வேண்டும். கருவியின் அருகில் வைத்தால் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. பியூஸின் அளவை ஒயரின் தாங்குதிறனை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டு ஏ.சி. (மாறுமின்னோட்ட) சுவிட்சை டி.சி.யில் பயன்படுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைக் கடப்பதால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். நேர்மின்னோட்டத்துக்கு அந்தச் சுழி இல்லை. 12 வோல்ட்டில் தொடுமுனை கருகுவதோடு போகலாம். பல தகடுகளைத் தொடரில் இணைத்த கூரை சோலாரில் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் அந்தப் பொறி நின்று எரிந்து பெட்டியையே கொளுத்தும். டி.சி. என்று அளவு குறித்த எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பான்தான் அங்கே போட வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுவோருக்கு

இப்போது விற்பனையில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் அறைகள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட் தருகின்றன. கனம் குறைவு, ஆழமாக எடுத்தாலும் தாங்கும். ஆனால் சமநிலைச் சார்ஜ் என்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் பழைய சார்ஜர்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மேலும், பெரும்பகுதி காலியாகும்வரை இதன் வோல்ட் 13-ஐ ஒட்டியே கிடக்கும் என்பதால், ஓய்வு மின்னழுத்தத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லும் முறை இங்கே எடுபடாது. போகும் ஆம்பியரையும் வரும் ஆம்பியரையும் எண்ணிக் கழிப்பதே வழி. அதற்கு எதிர்முனை ஒயரில் ஷண்ட் என்னும் துல்லியமான சிறு தடையைத் தொடரில் வைப்பார்கள். அதன் மேல் ‘50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட்’ என்று பொறித்திருந்தால் அதன் தடை 1.5 மில்லி ஓம். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் அதன் இரு சிறு திருகுகளிலும் வைத்து 30 காட்டினால், 30-ஐ 1.5-ஆல் வகுத்து, அக்கணத்தில் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் போகிறது என்று கொள்ளலாம்; எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் ஓட்டம் எதிர்த்திசையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.